கண் மருத்துவமும் கண்மலரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'சமுதாயத்தில் அறிவியலும் சமயமும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கடலைக் காட்டி நீந்திக் கரையேறு என்பது போன்ற பணி இது. இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் கலிலியோவில் தொடங்கி டார்வின் வழியாக ஐன்ஸ்டைனில் முடிப்பர். அக்கதைகள் அரியவைதாம். ஆனால் அவை வேறொரு திருச்சபையின் வழக்குகள். வேறொரு மண்ணின் புண்கள். காவிரிக்கரையில் வாழும் நமக்கு நம் வழக்கு ஒன்று இருத்தல் வேண்டுமல்லவா? ஆகவே கடலை விட்டுக் கால்வாயில் இறங்குகிறேன். தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகாலுக்கும் கிழக்கே புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் நான் பேச விரும்பும் பொருளின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

சரபேந்திரர் என்று புலவர்கள் பாடிய இரண்டாம் சரபோஜி மன்னரை (1777-1832) இங்குள்ளோர்க்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர் தொடங்கிய தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கு முறையினரும் ஒரு கூரையின்கீழ்ப் பணியாற்றினர். அங்கே கண்ணோய்க்கு மருத்துவம் பெற்றோரைப் பற்றிய குறிப்பேடுகள் இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, நோயின் இயல்பையும் செய்த மருத்துவத்தையும் அதன் விளைவையும் ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஏடுகள் அவை. மெக்பீன் என்னும் ஆங்கில மருத்துவர் இப்பணியில் மன்னருக்குத் துணைநின்றார். புரை நீக்கும் அறுவை மருத்துவமும் அங்கு நடந்துள்ளது. மன்னரே கத்தி பிடித்தார் என்று கூறிப் பெருமை கொள்வோர் உளர். யார் கத்தி பிடித்தார் என்பதைக் காட்டிலும், என்ன நேர்ந்தது என்பதை ஒருவர் எழுதிவைத்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பரம்பரை மருத்துவர் பலர் தம் கைப்பக்குவத்தைத் தம் மகனுக்கும் முழுமையாகச் சொல்லாது மறைத்த நாட்டில், பெயர் தெரியாத ஏழை ஒருவரின் கண்ணை வரைந்து பாதுகாத்தமை சிறு செயலன்று.

இனிப் புன்னைநல்லூருக்கு வருவோம். மராட்டிய மன்னர் துளஜாவின் மகள் நோயுற்றுக் கண்ணொளி இழந்தாள் என்றும், அன்னையை வழிபட்டு மீண்டும் ஒளி பெற்றாள் என்றும் அக்கோயிலின் தலவரலாறு கூறுகிறது. கண்ணோய் நீங்க வேண்டிக்கொள்வோர் வெள்ளியால் செய்த கண்மலர் சாத்துவது நம் பக்கத்துக் கோயில்களில் இன்றும் காணும் வழக்கம். இக்கோயிலுக்கு மண்டபம் முதலிய திருப்பணிகள் செய்தவர் யார் என்று பார்த்தால், அதே சரபோஜி மன்னர்! ஒரு கையில் கண்புரைக் குறிப்பேடு, மறு கையில் கண்மலர். இவ்விரண்டையும் எவ்வாறு ஒருவர் வைத்திருந்தார்? அவருக்கு இது முரணாகத் தோன்றவில்லையா? தோன்றியும் வாய்திறக்கவில்லையா? என் உரையின் வினா இதுவே.

விடைக்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். காவிரி கடல்புகும் திசையில் தரங்கம்பாடிக்குச் செல்லல் வேண்டும். 1706இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கியதும், அச்சகம் அமைத்ததும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு வெளிவந்ததும் பாடநூல்களில் உள்ளன. பாடநூல்களில் அதிகம் இல்லாதது ஒன்று உண்டு. அங்கு வந்த குருமார் பலர் செருமனியின் ஹாலே நகரத்துப் பள்ளியில் பயின்றவர்கள். இறைவன் எழுதிய நூல்கள் இரண்டு, ஒன்று வேதம், மற்றொன்று இயற்கை, இரண்டையும் கற்றல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆதலால் விண்மீனும் சிப்பியும் செடிகொடியும் அவர்களுக்கு இறையியலின் பகுதிகள். லின்னேயசின் மாணவர் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து நம் கடற்கரைச் செடிகளைத் தொகுத்தார். தமிழ் அகராதி செய்தவர் என நாம் அறிந்த ராட்லர் ஐயர் தேர்ந்த தாவரவியலாளரும் ஆவார். சொல்லையும் செடியையும் ஒரே கையால் தொகுத்தவர் அவர். நம் தமிழ்த்துறைகளில் அவருடைய ஒரு பாதி மட்டும் பேசப்படுகிறது.

அந்தத் திருச்சபை மரபில் வந்த சுவார்ட்சு ஐயர் தஞ்சையில் தங்கியபோது அவர் நிழலில் இருவர் வளர்ந்தனர். ஒருவர் துளஜா மன்னர் 1787இல் தம் இறுதிக்காலத்தில் தத்தெடுத்த சிறுவர் சரபோஜி. மற்றொருவர் பாளையங்கோட்டையிலிருந்து சுவார்ட்சு அழைத்துவந்த வேதநாயகம்; பிற்காலத்தில் சுவிசேடக் கவிராயர் எனப் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). சரபோஜி பின்னர்ச் சென்னையில் கெரிக்கே ஐயரிடமும் பயின்றார். சாஸ்திரியார் தரங்கம்பாடி சென்று இறையியலோடு வானியலும் புவியியலும் உடற்கூறும் கற்றார். ஏறக்குறைய ஒரே பாடம். ஒரே ஆசான் வழி. ஒருவர் 1798இல் அரியணை ஏறினார். மற்றொருவர் பாட்டும் பள்ளியுமாக வாழ்ந்தார்.

கவிஞர்களாகிய உங்களுக்குச் சுவைதரும் செய்திக்கு இப்போது வருகிறேன். இருவருமே தாம் கற்ற புது அறிவியலைச் சொல்ல ஒரே இலக்கிய வடிவத்தைத் தேர்ந்தனர். அது குறவஞ்சி!

குறவஞ்சியின் அமைப்பை நினைவுகூருங்கள். தலைவன் உலாவருவான், தலைவி காதல் கொள்வாள், நிலவைப் பழிப்பாள், குறத்தி வருவாள், தன் மலைவளமும் தான் சுற்றிய நாடுகளும் கூறிக் குறி சொல்வாள். உலகெல்லாம் சுற்றிவந்தவள் என்பதால் குறத்தியின் வாய்க்கு எந்த நாட்டின் பெயரும் பொருந்தும். நிலவைப் பற்றிப் பேசும் இடம் முன்னரே இருப்பதால் வானியலுக்கும் வாயில் திறந்திருக்கிறது. பழைய வீட்டில் புதுச் சாளரம் வைக்க எந்தச் சுவர் இடம்தரும் என்று பார்த்து வைத்ததைப் போல, இருவரும் அவ்வடிவத்தைப் பயன்படுத்தினர்.

சரபோஜியின் பெயரில் வழங்கும் 'தேவேந்திரக் குறவஞ்சி' மராட்டிய மொழியில் அமைந்தது. உலகப் புவியியலைப் புதிய நிலப்படத்தின்படி கூறுவது அதன் தனித்தன்மை. நாடுகள், மலைகள், ஆறுகள் என வரிசையாக வரும். அங்கே வாதம் இல்லை, மறுப்பு இல்லை. இந்திரனும் இருக்கிறான், ஐரோப்பாவும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்யவில்லை.

சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' 1800ஐ ஒட்டி எழுந்த தமிழ் நூல். பெத்லகேம் நாதரிடம் காதல்கொண்ட தேவமோகினி அதன் தலைவி. ஞானச்சிங்கி குறி சொல்கிறாள். அதனுள் கதிரவனைக் கோள்கள் சுற்றிவரும் கொபர்னிக்கசின் கொள்கையைச் சாஸ்திரியார் பாட்டில் வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை. இப்பேரண்டத்தை இத்துணை ஒழுங்காக இயக்குபவன் பெருமையைப் பாருங்கள் என்றார். மேருவும் ஏழு கடலும் எங்கே என்று புராணப் புவியியலை வினவவும் அதே அறிவியலை அவர் கருவியாகக் கொண்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தஞ்சைத் தமிழில் கொபர்னிக்கசு தாளத்தோடு பாடப்பெற்ற அந்நாளில், உரோமைத் திருச்சபையின் தடைநூற் பட்டியலிலிருந்து அவருடைய நூல் இன்னும் நீங்கவில்லை. 1835ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் நீங்கிற்று. சாஸ்திரியார் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர் என்பதால் அத்தடை அவரைத் தொடவில்லை.

ஆக, ஒரே அறிவியல் ஒருவரிடம் தோரணமாகவும் மற்றொருவரிடம் வாளாகவும் ஆயிற்று. சரபோஜியின் போக்கைப் 'பரந்த மனம்' என்று போற்றுவது நம் வழக்கம். நானும் அவ்வாறு வகுப்பில் கூறுவதுண்டு. அதில் உண்மையும் உண்டு. சுவார்ட்சு மறைந்தபின் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்துத் தேவாலயத்தில் வைத்தவர் அவர். பெரிய கோயில் சுவரில் 1803இல் தம் குலவரலாற்றைக் கல்வெட்டாகப் பொறித்தவரும் அவரே. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீது பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயில் விழாவில் ஆடப்பெற்றது. 1826இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் ஆயர், இம்மன்னர் லவாசியரையும் லின்னேயசையும் எடுத்துக்காட்டிப் பேசக்கூடியவர் என வியந்து எழுதினார்.

எனினும் பரந்த மனம் என்னும் சொல்லோடு நின்றுவிட எனக்கு உடன்பாடில்லை. உடற்கூறு கற்க விரும்பிய மன்னருக்கு மனித எலும்பைத் தொடுதல் தீட்டாயிற்று. ஆகவே செயற்கையாகச் செய்த எலும்புக்கூட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் வழியைத் தேடினார். இச்செய்தியைச் சிலர் நகைப்பிற்குரியதாகக் கூறுவர். எனக்கு நகைப்பு வரவில்லை. ஆசாரத்தையும் உடைக்கவில்லை, அறிவையும் கைவிடவில்லை. சுற்றுவழி ஒன்றைக் கண்டார். இந்நாட்டில் அறிவியல் பெரும்பாலும் இத்தகைய சுற்றுவழிகளில்தான் நுழைந்துள்ளது. ஆனால் சுற்றுவழிக்கு ஒரு விலை உண்டு. எலும்பைத் தொடுவது தீட்டு என்றால், நாள்தோறும் பிணத்தைத் தொட்டு அடக்கம் செய்யும் வெட்டியான் யார் என்ற வினா அவ்வழியில் எதிர்ப்படவே செய்யாது.

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் உதவித்தொகையும் வருவாயில் ஐந்திலொரு பங்கும். வாய்க்கால் வெட்டவும் வரி தள்ளவும் அதிகாரமில்லாதவர் நூலும் கருவியும் தொகுத்தார். அவர் அறிவியல் அரண்மனைக்குள்ளேயே வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். முற்றிலும் அரண்மனைக்குள்ளேயே என்று சொல்வதும் முறையன்று. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்க்காக அமைந்த சத்திரங்களை, குறிப்பாக ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தை, அவர் பள்ளியும் மருத்துவமும் சேர்ந்த இடங்களாக ஆக்கினார். வழியில் நோயுற்றோர்க்கும் கருவுற்ற பெண்டிர்க்கும் அங்கே மருத்துவர் இருந்தனர். கும்பெனி அவ்வருவாயைக் கைப்பற்றிவிடுமோ என அஞ்சி, சத்திரங்களின் அறப்பணியை விளக்கி 1801இல் அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. யாத்திரை சமயத்தின் செயல். மருத்துவம் அறிவியலின் செயல். சத்திரத்தின் திண்ணையில் இரண்டிற்கும் சண்டையில்லை. பசித்தவனும் நோயாளியும் வந்து நின்றால் சண்டையிட நேரமேது?

சாஸ்திரியாரோ முரணை முரணென்று கண்டு வாதிட்டவர். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அவர் வாழ்வில் ஓர் இடம் என்னை நெடுநாளாக உறுத்திவருகிறது. 1820களின் பிற்பகுதியில் தஞ்சைக்கு வந்த புதிய குருமார், தேவாலயத்தில் சாதிப்படி தனித்தனியே அமர்வதும் இராப்போசனப் பாத்திரத்தைச் சாதி பார்த்து அருந்துவதும் கூடாது என்றனர். தமிழ்ப் பாட்டுகளையும் பூக்களையும் விழாக்களையும் தடுக்க முனைந்தனர். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். பாட்டிற்காக அவர் போராடியதை நான் முழுமனத்தோடு போற்றுகிறேன். அப்போராட்டம் இல்லையேல் கிறித்தவத் தமிழிசை மெலிந்திருக்கும். ஆனால் அதே எழுத்தில் சாதி இருக்கைக்காகவும் வாதிட்டார். 1833இல் டேனியல் வில்சன் ஆயர் சாதி வேறுபாட்டைத் திருச்சபையிலிருந்து அறவே நீக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும்பிளவே உண்டாயிற்று.

பூமி நடுவில் இல்லை, கதிரவனைச் சுற்றும் கோள்களுள் ஒன்று என ஏற்க அவருக்குத் தடையில்லை. தம் குலம் நடுவில் இல்லை என ஏற்க முடியவில்லை. பேரண்டத்தை மாற்றியமைப்பது எளிது. பந்திப்பாயை மாற்றிப் போடுவதே அரிது. இவ்விடத்தில் அறிவியல் வெல்லவில்லை, சமயமும் வெல்லவில்லை. சமுதாயம் இரண்டையும் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டது. 'அறிவியலா சமயமா' என்று பட்டிமண்டபம் நடத்தும் நாம் இம்மூன்றாமவரைப் பெரும்பாலும் அழைப்பதில்லை.

இனி, தமிழாசிரியை என்ற முறையில் என் துறையைச் சார்ந்த ஒன்று. தன்வந்திரி மகாலில் பயன்கண்ட மருந்து முறைகளை அரசவைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாக ஆக்குவித்தார் மன்னர். சரபேந்திரர் வைத்திய முறைகள் என்னும் பெயரில் நீரிழிவு, குன்மம், நயனரோகம் என நோய்வாரியாகச் சரசுவதி மகால் அவற்றைப் பதிப்பித்துள்ளது. புலவர்கள் மருந்து நூல் எழுதினார்கள் என்றால் நம் கவிஞர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அக்காலத்தில் செய்யுளே நினைவுப் பேழை. அளவு தவறினால் யாப்புத் தவறும். யாப்புத் தவறினால் மாணாக்கன் விழித்துக்கொள்வான். இன்று இந்நூல்களுக்கு இருவகை இன்னல். ஒருசாரார் படிக்காமலே, 'இவற்றில் எல்லாம் இருக்கிறது. வெள்ளைக்காரன் இங்கிருந்துதான் எடுத்துப்போனான்' என்று மேடையில் முழங்குவர். மற்றொரு சாரார் படிக்காமலே, 'மூடப்பழக்கம்' என ஒதுக்குவர். படிக்காமை இருவர்க்கும் பொது. தன்வந்திரி மகாலில் மன்னர் செய்தது இவ்விரண்டும் அன்று. நான்கு முறை மருத்துவரையும் உட்காரவைத்து, எது பயன் தருகிறது பார்ப்போம் என்றார். இன்று அச்செய்யுளிலுள்ள மருந்து ஒன்றைச் சோதித்துப் பயனில்லை எனக் கண்டால் அதையும் சொல்லுதலே அவருக்குச் செய்யும் மரியாதை. நீரிழிவுக்குச் செய்யுளை நம்பி ஊசியை நிறுத்திய முதியவரை நான் அறிவேன். அது மன்னர்க்கும் மரியாதையன்று, புலவர்க்கும் மரியாதையன்று.

புன்னைநல்லூரை விட்டு வந்துவிட்டேன். ஒரு சொல்லுக்காகத் திரும்புகிறேன். அம்மை நோயை 'அம்மா வந்திருக்கிறாள்' என்றே நம் வீடுகளில் கூறுவர். வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர். அயலார் உள்ளே வாரார். வீட்டார் வெளியூர் போகார். நோய் பரவாமல் தடுக்க இவ்வழக்கம் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் பெரியம்மையைத் தடுத்தது வேப்பிலையன்று. ஜென்னரின் தடுப்பு முறை 1802இல் இந்தியாவிற்கு வந்தது; 1975இல் இந்நாட்டில் பெரியம்மை ஒழிந்தது; 1980இல் உலகிலேயே இல்லை என அறிவிக்கப்பட்டது. நான் சொல்ல வந்தது, அத்தடுப்பு ஊசிக்கு நம் மக்கள் வைத்த பெயரைப் பற்றி: 'அம்மை குத்துதல்'. தெய்வத்தின் பெயரை எடுத்து ஊசியின் முனையில் வைத்துவிட்டார்கள்! எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் இதைச் செய்யவில்லை. நோயும் அம்மை, நோயைத் தடுப்பதும் அம்மை. பெரியம்மை ஒழிந்தபின் மாரியம்மன் கோயில்கள் அடைபட்டுவிடவில்லை. கூட்டம் கூடியே இருக்கிறது. நோயை அறிவியலிடம் விட்டுவிட்டு, அச்சத்தையும் நன்றியையும் அன்னையிடம் வைத்துக்கொண்டார்கள் மக்கள். இந்தப் பாகப்பிரிவினை எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

பாகம் பிரியாமல் குழம்பும் இடமும் நம் பக்கத்திலேயே உண்டு. அரசலாற்றங்கரைத் திருநள்ளாறு. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி 2023 திசம்பர் 20இல் அங்குச் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கமோ அவ்வாண்டு சனவரியிலேயே பெயர்ச்சி முடிந்தது என்றது. மீண்டும் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்று கூற, எங்கள் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவது, 2026இல்தான் விழா எனத் திருநள்ளாற்றில் அறிவித்தார்கள். அப்போது என் மாணவி ஒருத்தி வந்து, 'அம்மா, எந்தத் தேதியை நம்புவது?' என்றாள். அவள் தாய் நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்துக்குக் கடன் வாங்கிப் போகவேண்டும். இரு முறை போக இயலாது. எனவே அவ்வினா எனக்குப் பொழுதுபோக்கு வினாவாகப் படவில்லை.

வாக்கியம் என்பது இகழத்தக்கதன்று. நிலவு தன் வேகத்தில் கூடியும் குறைந்தும் செல்வது ஏறத்தாழ 248 நாளுக்கு ஒருமுறை அதே ஒழுங்கில் மீள்கிறது என முன்னோர் கண்டனர். நாளுக்கு ஒன்றாக 248 சிறு தொடர்களில் அக்கணக்கை எழுத்தெண்களாக மறைத்துவைத்தனர். தொடர் மனப்பாடமானால் கணக்கு கையில். 1769இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகத்தால் காணாது ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெழாந்தீல், அங்கிருந்த தமிழரிடமிருந்து கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுப்போனார். பின்னர் வாரன் என்பவர், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பியே 1825ஆம் ஆண்டு நிலவுமறைப்பைக் கணித்ததைப் பதிவு செய்தார். சில நிமிடங்கள் முதல் ஒரு மணிக்குள்ளான பிழையே இருந்தது. தாளும் மையும் இல்லாமல்!

எனில் குறை எங்கே? பழைய எண்களை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம் நின்றுபோனது. சிறுபிழை நூற்றாண்டுகளில் திரண்டது. இதைக் கண்டு திருத்த முன்வந்தவர் வெளியாரல்லர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒளிமாறு விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அவர். கண்ணால் காண்பதோடு கணக்கு ஒத்துவரல் வேண்டும் என்று கூறித் திருக்கணிதத்திற்காக உழைத்தார். அவர் ஆசாரத்தை விட்டவரல்லர். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

என் மாணவிக்கு நான் கூறிய விடை இது. சனி என்னும் கோள் எங்கே இருக்கிறது என்பது ஒரு வினா. அதற்குத் தொலைநோக்கி விடை கூறும். அதில் வாக்கியம் பின்தங்கிவிட்டது. கோயிலில் விழா என்றைக்கு என்பது வேறு வினா. அதற்கு அக்கோயிலின் மரபு விடை கூறும். அதில் தொலைநோக்கிக்கு வேலையில்லை. உன் தாய் விழாவிற்குச் செல்கிறார் என்றால் கோயில் கூறும் நாளில் செல்லட்டும். அக்கோள் நகர்ந்ததால் கூலி குறையும் என்று யாரேனும் அவரிடம் சொன்னால், எந்த நாளில் நகர்ந்தது என்று முதலில் கேட்கச் சொல். அவள் சிரித்தாள். தாயிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இதே திருநள்ளாற்றைப் பற்றி வேறொரு செய்தி சில ஆண்டுகளாகக் கைப்பேசி தோறும் உலவுகிறது. அக்கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றனவாம். நாசா அறிவியலாளர் வியந்தனராம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் விரைகிறது. அந்த விரைவே அதை விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் வீழும். நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. திருநள்ளாறோ நிலநடுக்கோட்டில் இல்லை. அறிவியலாளர் பலர் மறுத்தும் அக்கதை ஓயவில்லை. அது அறிவியலுக்கு இழுக்கு என்று என் நண்பர்கள் வருந்துகின்றனர். நான் சமயத்திற்காக வருந்துகிறேன். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம் அது. மூவர் பாடல் பெற்ற இறைவனுக்கு நாசாவின் நற்சான்று எதற்கு? தேவாரம் போதாது என்று எண்ணியவர்தாமே இக்கதையைக் கட்டியிருத்தல் வேண்டும்?

சாஸ்திரியார் அறிவியலைச் சமயத்திற்குச் சான்றாகக் கொண்டபோது மெய்யான அறிவியலைக் கொண்டார். கற்று, புரிந்து, பாட்டில் வைத்தார். இன்று அறிவியலின் உடுப்பு மட்டும் இரவல் வாங்கப்படுகிறது. இதைக் கண்டிக்கும் பொறுப்பு அறிவியல் ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. சொல்லின் மெய்ம்மையைக் காக்கும் கவிஞர்க்கும் உரியது. ஏனெனில் திருட்டுப்போவது சொல்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. திங்கள் கூட்டங்களுள் மூன்றையேனும் சரபேந்திரர் வைத்திய முறைகளின் நயனரோகப் பகுதிக்கு ஒதுக்குங்கள். சித்த மருத்துவர் ஒருவரையும் கண் மருத்துவர் ஒருவரையும் அழையுங்கள். சித்தர் மரபு கண்ணோய் தொண்ணூற்றாறு என்கிறது. செய்யுளைக் கவிஞர் படிக்கட்டும். மருந்தைச் சித்த மருத்துவர் விளக்கட்டும். இது இன்ன நோய், இதற்கு இது உதவும், இது உதவாது என்று கண் மருத்துவர் கூறட்டும். கண்புரை, மாலைக்கண், வெள்ளெழுத்து, பூ விழுதல் என்று நம் பாட்டிமார் வழங்கிய சொற்களை அச்செய்யுள்களோடு ஒப்பிட்டுப் பட்டியல் எழுதும் பணியை என் மாணவியர் ஏற்பர். அவர்களிடம் முன்னரே பேசிவிட்டேன். கூட்டத்தைப் புன்னைநல்லூரில் வைத்துக்கொண்டால் கண்மலர் சாத்த வருவோரும் சற்று அமர்ந்து கேட்கக்கூடும். முதல் கூட்டத்திற்கு நாள் குறிக்கும்போது வாக்கியமா திருக்கணிதமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் போதும்.